பிளாஸ்மா சிகிச்சை கற்பித்த பாடம்: மருத்துவ மீளாய்வுகள் ஏன் தொடர்ந்து புதுப்பிக்கப்பட வேண்டும்?

பெங்களூரு: 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, நாட்டின் பிற நகர்ப்புறப் பகுதிகளைப் போலவே பெங்களூரு நீலசந்திராவில் வசிப்போரின் கைப்பேசிகளுக்கும் ஒரே விதமான வேண்டுகோள்கள் வந்துகொண்டிருந்தன. நோயாளியின் வயது, இரத்த வகை, மருத்துவமனையின் பெயர், தொடர்பு எண் ஆகியவற்றுடன் 'பிளாஸ்மா அவசரமாகத் தேவை' என்ற வரியும் அவற்றில் இடம்பெற்றிருந்தது. ஆக்சிஜன் படுக்கைக்காக அலைந்த உறவினர்கள், கொரோனாவிலிருந்து மீண்ட கொடையாளர்களைத் தேடியும் அலைய நேர்ந்தது.

அந்த நாள்களில் பலரையும் எட்டாத தகவல் ஒன்று உண்டு. பிளாஸ்மா செலுத்துவதால் நோய் தீவிரமடைவதோ மரணமோ குறையவில்லை என்று இந்தியாவிலேயே நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2020 அக்டோபரில் தெரிவித்திருந்தது. பிரிட்டனில் நடைபெற்ற இன்னும் பெரிய ஆய்வு, பலன் தென்படாததால் பிளாஸ்மா பிரிவில் நோயாளிகளைச் சேர்ப்பதை 2021 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. ஆயினும், இந்தியாவின் தேசிய சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே 17 அன்றுதான்.

ஒரு சிகிச்சை பலன் தருமா என்ற கேள்விக்கு உலகெங்கும் நடைபெறும் ஆய்வுகளைத் தொகுத்து விடையளிப்பவை 'முறைசார் மீளாய்வுகள்'. மருத்துவர்களும் அரசுகளும் பெரும்பாலும் இவற்றையே நம்பி முடிவெடுக்கின்றனர். புதிய ஆய்வுகள் வந்த பிறகும் மீளாய்வு பழைய நிலையிலேயே நின்றுவிட்டால் என்ன நேரும், அதைப் புதுப்பிப்பது ஏன் எளிதல்ல என்பதைப் பிளாஸ்மாவின் கதை தெளிவாகக் காட்டுகிறது.

முறைசார் மீளாய்வு என்றால் என்ன?

ஒரே மருந்தைப் பற்றிப் பத்து ஆய்வுகள் நடந்தால், பத்தும் ஒரே முடிவைத் தருவதில்லை. சில ஆய்வுகள் மிகச் சிறியவை; சில, ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு நோயாளர் குழு இல்லாமலேயே நடத்தப்பட்டவை; சிலவற்றில் தரவுகளே ஐயத்துக்குரியவை. இவற்றுள் தமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்காட்டி எதையும் நிறுவிவிட முடியும். இதைத் தவிர்ப்பதற்காக உருவானதே முறைசார் மீளாய்வு.

இதில் கேள்வியும் அதற்கு விடை காணும் முறையும் முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்யப்படுகின்றன. பிறகு பல தரவுத்தளங்களில் குறிப்பிட்ட ஒரு நாள் வரை வெளியான ஆய்வுகள் அனைத்தும் தேடப்படுகின்றன. கிடைத்த ஆய்வுகளை இருவர் தனித்தனியாகப் படித்துத் தகுதியானவற்றைத் தேர்வு செய்கின்றனர். ஒவ்வோர் ஆய்விலும் பிழைக்கும் சார்புக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று மதிப்பிடப்படுகிறது. இயன்ற இடங்களில் எண்கள் ஒன்றாகக் கூட்டப்பட்டு ஒரே விடை பெறப்படுகிறது. அந்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் 'உயர்', 'நடுத்தர', 'குறைந்த', 'மிகக் குறைந்த' என்ற தரநிலைகளால் குறிக்கப்படுகிறது.

இத்தகைய மீளாய்வுகளை வெளியிடும் அமைப்புகளுள் முதன்மையானது 1993-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காக்ரேன். பிரிட்டன் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேனின் நினைவாக அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. தத்தம் துறையில் நடந்த குலுக்கல் முறை ஆய்வுகள் அனைத்தையும் திறனாய்ந்து தொகுத்து, அத்தொகுப்பைக் காலந்தோறும் புதுப்பிக்கும் ஏற்பாடு மருத்துவ உலகில் இல்லை என்று 1979-ஆம் ஆண்டிலேயே அவர் குறை கூறியிருந்தார். தொகுப்பதோடு பணி முடிவதில்லை, புதுப்பிப்பதும் அதன் பகுதியே என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்துள்ளது.

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் புதிய சிகிச்சையையும் மற்றொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையையும் அளித்து ஒப்பிடுவதே குலுக்கல் முறை ஆய்வு. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுப்பதில்லை என்பதால், முடிவில் காணப்படும் வேறுபாடு சிகிச்சையால் நேர்ந்தது என்று கூற முடிகிறது.

நம்பிக்கையுடன் தொடங்கிய சிகிச்சை

கொரோனாவிலிருந்து மீண்டவரின் இரத்தத்தில் அந்த வைரசுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருக்கும். அவரது பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து நோயுற்றவருக்குச் செலுத்தினால் அவர் குணமடையக்கூடும் என்பதே இச்சிகிச்சையின் அடிப்படை. வேறு மருந்து எதுவும் இல்லாத நேரத்தில் இந்த எண்ணம் இயல்பாகவே நம்பிக்கை அளித்தது.

கர்நாடகத்தில் 2020 ஏப்ரல் 25 அன்று பெங்களூரு விக்டோரியா மருத்துவமனையில் பிளாஸ்மா சிகிச்சைக்கான மருத்துவ ஆய்வு தொடங்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், பிளாஸ்மா தானம் செய்வோருக்கு ரூ.5,000 ஊக்கத்தொகை வழங்கப்படும் என்று மாநில அரசு அறிவித்தது. டெல்லியில் ஜூலை 2 அன்று பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் அதே மாதம் பிளாஸ்மா வங்கி தொடங்கப்பட்டது. ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இச்சிகிச்சைக்கு அவசரகால அனுமதி வழங்கியது.

இதற்கிடையே, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 'பிளாசிட்' என்ற குலுக்கல் முறை ஆய்வை நடத்தியது. 2020 ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை, நாடெங்கும் 39 அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில், மிதமான பாதிப்புடன் அனுமதிக்கப்பட்ட 464 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 235 பேர் பிளாஸ்மா பிரிவிலும், 229 பேர் வழக்கமான சிகிச்சை மட்டும் பெறும் பிரிவிலும் இடம்பெற்றனர்.

பிளாஸ்மா பிரிவில் 44 பேருக்கு, அதாவது 19 விழுக்காட்டினருக்கு, நோய் தீவிரமடைந்தது அல்லது மரணம் நேர்ந்தது. மற்றொரு பிரிவில் இந்த எண்ணிக்கை 41, அதாவது 18 விழுக்காடு. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இந்த முடிவு 2020 செப்டம்பரில் முன்பதிப்பாகவும், அக்டோபர் 22 அன்று பிரிட்டனின் 'பிஎம்ஜே' மருத்துவ இதழிலும் வெளியானது. பெருந்தொற்றின் நெருக்கடிக்கு நடுவே இத்தகைய ஆய்வை இந்தியா விரைந்து முடித்தது குறிப்பிடத்தக்கது.

ஓராண்டில் நான்கு பதிப்புகள்

இதே கேள்வியைக் காக்ரேன் அமைப்பின் பன்னாட்டு ஆய்வாளர் குழுவும் எடுத்துக்கொண்டது. நிலைமை வாரந்தோறும் மாறிக்கொண்டிருந்ததால், ஒரு முறை எழுதி முடித்துவிடும் மீளாய்வாக அல்லாமல், தொடர்ந்து புதுப்பிக்கப்படும் 'உயிர்ப்புள்ள மீளாய்வு' என்ற வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

முதல் பதிப்பு 2020 மே 14 அன்று வெளியானபோது அதற்குக் கிடைத்தவை 8 ஆய்வுகள். அவற்றில் இடம்பெற்ற நோயாளிகள் 32 பேர் மட்டுமே. எவையும் ஒப்பீட்டுக் குழு கொண்டவை அல்ல. எனவே எந்த முடிவுக்கும் வர இயலாது என்று குழு கூறியது. ஜூலை 10 அன்று வெளியான இரண்டாம் பதிப்பில் 20 ஆய்வுகளும் 5,443 பேரும் இடம்பெற்றனர். அக்டோபர் 12 அன்று வந்த மூன்றாம் பதிப்பில் 19 ஆய்வுகள், 38,160 பேர். ஆயினும் அவற்றுள் குலுக்கல் முறை ஆய்வுகள் இரண்டே. ஆள்தொகை பெருகியும் விடை உறுதிப்படவில்லை.

இந்த மூன்றாம் பதிப்பில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. அது வெளியானது அக்டோபரில் என்றாலும், அதற்கான தேடல் ஆகஸ்ட் 19 வரை வெளிவந்த ஆய்வுகளையே தழுவியது. இந்தியாவின் பிளாசிட் ஆய்வு முன்பதிப்பாக வந்தது செப்டம்பரில். ஆகவே, அந்தப் பதிப்பின் கணக்கில் இந்திய நோயாளிகள் 464 பேரும் சேரவில்லை. தொடர்ந்து புதுப்பிக்கப்பட்ட மீளாய்வும் வெளியான நாளிலேயே ஒரு முக்கிய ஆய்வைத் தவறவிட்டிருந்தது.

நான்காம் பதிப்பு 2021 மே 20 அன்று வந்தது. அதற்குள் 12 குலுக்கல் முறை ஆய்வுகள் சேர்ந்திருந்தன. மரணம் குறித்த கேள்விக்கு மட்டும் 7 ஆய்வுகளில் 12,646 நோயாளிகளின் விவரங்கள் இருந்தன. மிதமான மற்றும் தீவிர பாதிப்புள்ளோரிடையே பிளாஸ்மா மரணத்தைக் குறைக்கவில்லை என்பது 'உயர்' நம்பகத்தன்மையுடன் கூறப்பட்டது. முதல் பதிப்பில் 'தெரியவில்லை' என்றிருந்த விடை, ஓராண்டில் 'பலனில்லை' என்று உறுதியானது.

இம்மாற்றத்துக்குப் பெரிதும் காரணமானது பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு. அதில் 11,558 நோயாளிகள் பங்கேற்றனர். 28 நாள்களுக்குள் இறந்தோர் இரு பிரிவுகளிலும் 24 விழுக்காடு. இதன் முழு முடிவுகள் 2021 மே 14 அன்று 'தி லான்செட்' இதழில் வெளியாயின.

விடை தெரிந்தும் நீடித்த தேடல்

பிளாஸ்மாவைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2020 நவம்பரிலேயே அறிவுறுத்தியிருந்தது. ஆயினும் குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் அச்சிகிச்சை தேசிய நெறிமுறையில் நீடித்தது. நடைமுறையில் அந்த நிபந்தனைகள் பல இடங்களில் பின்பற்றப்படவில்லை.

2021 மே மாதம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் அறிஞர் ககன்தீப் காங் உள்ளிட்ட மருத்துவர்களும் பொதுச் சுகாதார வல்லுநர்களும் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகருக்குக் கடிதம் எழுதினர். அறிவியல் ஆதாரத்துக்கு மாறான பிளாஸ்மா பயன்பாடு நோயாளிகளின் குடும்பத்தினரை வீணாக அலைக்கழிக்கிறது என்று அவர்கள் சுட்டிக்காட்டினர். அதன் பிறகு மே 17 அன்று நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. உலக சுகாதார அமைப்பு, 16 ஆய்வுகளில் பங்கேற்ற 16,236 நோயாளிகளின் விவரங்களின் அடிப்படையில், பிளாஸ்மாவுக்கு எதிரான பரிந்துரையை 2021 டிசம்பர் 7 அன்று வெளியிட்டது.

இந்த நாள்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் தாமதம் ஒரே இடத்தில் நிகழவில்லை என்பது புலப்படும். ஆய்வு முடிவதற்கும் வெளியாவதற்கும் இடையே ஒரு தாமதம். அது மீளாய்வில் சேர்வதற்கு மற்றொரு தாமதம். மீளாய்விலிருந்து நெறிமுறைக்கும், நெறிமுறையிலிருந்து மருத்துவமனைப் படுக்கைக்கும் மேலும் தாமதங்கள். இவை அனைத்தின் சுமையும் இறுதியில் கொடையாளரைத் தேடி அலைந்த குடும்பங்களின் மீதே விழுந்தது.

மீளாய்வுகள் எவ்வளவு வேகமாகப் பழையதாகின்றன?

பெருந்தொற்று இல்லாத காலத்திலும் இச்சிக்கல் உண்டு. 100 முறைசார் மீளாய்வுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் முடிவை மாற்றக்கூடிய புதிய சான்று எப்போது வந்தது என்று கண்காணித்த ஆய்வு ஒன்று 2007-ஆம் ஆண்டு வெளியானது. பாதி மீளாய்வுகள் ஐந்தரை ஆண்டுகளுக்குள் புதுப்பிக்க வேண்டிய நிலையை எட்டின. 23 விழுக்காடு இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே அந்நிலையை அடைந்தன. 7 விழுக்காடு மீளாய்வுகள் வெளியான நாளிலேயே பழையனவாகிவிட்டிருந்தன.

காரணம் எளிமையானது. உலகில் நாளொன்றுக்கு 75 மருத்துவ ஆய்வுகளும் 11 முறைசார் மீளாய்வுகளும் வெளியாவதாக 2010-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டது. ஆனால் ஒரு மீளாய்வைப் பதிவு செய்து முடித்து வெளியிடுவதற்குச் சராசரியாக 67 வாரங்கள் ஆவதாக 2017-ஆம் ஆண்டு வெளியான மற்றொரு கணக்கீடு தெரிவித்தது. ஆய்வுகள் குவியும் வேகத்துக்குத் தொகுப்போரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆய்வுகளை அவ்வப்போது தொகுத்துப் பார்க்காததால் நேரும் இழப்புக்கு மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு மாரடைப்புக்கான ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து. இரத்தக் கட்டியைக் கரைக்கும் இம்மருந்து குறித்து 1959 முதல் 1988 வரை 33 ஆய்வுகள் நடந்தன. மொத்தம் 36,974 நோயாளிகள் பங்கேற்றனர். இவற்றைக் கால வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்த ஆய்வாளர்கள், 1973-ஆம் ஆண்டிலேயே, அதாவது 8 ஆய்வுகளும் 2,432 நோயாளிகளும் என்ற நிலையிலேயே, மருந்து உயிர் காக்கிறது என்பது தெளிவாகியிருந்ததை 1992-இல் வெளிப்படுத்தினர். அதன் பிறகு நடந்த 25 ஆய்வுகளில் மேலும் 34,542 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்கு அம்மருந்து கிடைக்கவில்லை.

பிளாஸ்மா விவகாரத்தில் பலனற்ற சிகிச்சை நீடித்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் விவகாரத்தில் பலனுள்ள சிகிச்சை தாமதமானது. காலங்கடந்த தொகுப்பு இரு வகையிலும் தீங்கு செய்யக்கூடும்.

கர்நாடகத்தின் பெலகாவி எழுப்பிய கேள்வி

புதுப்பிப்பது என்றாலே பழைய விடையைத் தலைகீழாக்குவது என்று பொருளல்ல. குறைப்பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்மார்களுக்கு அளிக்கப்படும் ஸ்டீராய்டு ஊசியின் வரலாறு இதற்குச் சான்று. இதில் கர்நாடகத்துக்கு நேரடிப் பங்கு உண்டு.

கருவின் நுரையீரல் விரைவாக முதிர்ச்சியடைய உதவும் இந்த ஊசி பற்றிய முதல் பெரிய ஆய்வு 1972-ஆம் ஆண்டு நியூசிலாந்திலிருந்து வெளியானது. அடுத்தடுத்த ஆய்வுகளும் குழந்தைகளின் இறப்பு குறைவதைக் காட்டின. ஆனால் அவற்றைத் தொகுத்துப் பார்க்கத் தாமதமானதால், பல ஆண்டுகள் பெரும்பாலான மருத்துவர்கள் ஊசியைப் பயன்படுத்தவில்லை. காக்ரேன் அமைப்பின் இலச்சினையில் இருக்கும் கோடுகள் இந்த ஊசி குறித்த 7 ஆய்வுகளின் முடிவுகளையே குறிக்கின்றன.

இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ஆம் ஆண்டு இதற்கான வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் தாயை மேல் சிகிச்சைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைப் போட அதில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் மறு ஆண்டே சிக்கல் எழுந்தது. கர்நாடகத்தின் பெலகாவி, மகாராஷ்டிரத்தின் நாக்பூர் ஆகியவற்றுடன் மேலும் ஐந்து நாடுகளில், ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளைக் கண்காணித்து நடத்தப்பட்ட 'ஆக்ட்' ஆய்வின் முடிவுகள் வெளியாயின. கிராமப்புறங்களில் ஊசியின் பயன்பாட்டைப் பரவலாக்கிய பகுதிகளில், ஆயிரம் குழந்தைகளுக்கு 3.5 என்ற அளவில் இறப்பு கூடுதலாக இருந்ததாக அது தெரிவித்தது.

பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளில் கிடைத்த விடை, கர்ப்ப காலத்தைத் துல்லியமாகக் கணிக்கும் வசதியோ பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையோ இல்லாத இடங்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. ஊசி பெற்ற தாய்மார்களில் பலருக்கு உண்மையில் குறைப்பிரசவம் நிகழவில்லை என்பதும் தெரியவந்தது.

இக்கேள்விக்கு விடை காண உலக சுகாதார அமைப்பு 'ஆக்‌ஷன்' என்ற ஆய்வை நடத்தியது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் 2,852 தாய்மார்கள் இதில் பங்கேற்றனர். கர்ப்ப காலம் ஸ்கேன் மூலம் உறுதி செய்யப்பட்ட பிறகே ஊசி போடப்பட்டது. பிறந்து 28 நாள்களுக்குள் நேர்ந்த இறப்பு, ஊசி பெறாத பிரிவில் 23.5 விழுக்காடாகவும், பெற்ற பிரிவில் 19.6 விழுக்காடாகவும் இருந்தது. இது 2020 அக்டோபரில் வெளியானது.

அதே ஆண்டு டிசம்பரில் காக்ரேன் மீளாய்வு புதுப்பிக்கப்பட்டது. 27 ஆய்வுகள், 11,272 தாய்மார்கள் என்று விரிந்த அதில், குறைந்த மற்றும் நடுத்தர வசதியுள்ள நாடுகளில் நடந்த ஆய்வுகள் 10. ஊசி பலன் தருகிறது என்ற பழைய விடையே மீண்டும் உறுதியானது. ஆனால் அந்த விடை யாருக்கு, எத்தகைய வசதியுள்ள இடத்தில் பொருந்தும் என்பது முன்னைவிடத் தெளிவாயிற்று. இந்தத் தெளிவே ஓர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் மருத்துவருக்குத் தேவைப்படுவது.

சேர்க்கப்பட்ட ஆய்வே பொய்யானால்?

புதிய ஆய்வுகளைச் சேர்ப்பது மட்டும் புதுப்பித்தல் ஆகாது. நம்பத்தகாதவற்றை நீக்குவதும் அதன் பகுதி. ஐவர்மெக்டின் மருந்து இதற்கு எடுத்துக்காட்டு.

குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளுக்கு எதிரான இம்மருந்து கொரோனாவைக் குணப்படுத்துவதாக 2020 நவம்பரில் எகிப்திலிருந்து வெளியான முன்பதிப்பு ஒன்று கூறியது. பல தொகுப்புகள் அதைச் சேர்த்துக்கொண்டு மருந்துக்குச் சாதகமான முடிவை வெளியிட்டன. இந்தியாவில் 2021 ஏப்ரல் மாத தேசிய நெறிமுறையில் ஐவர்மெக்டின் இடம்பெற்றது. 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அதை வழங்கப் போவதாகக் கோவா அரசு மே மாதம் அறிவித்தது. ஆனால் எகிப்து ஆய்வின் தரவுகள் குறித்துக் கடுமையான ஐயங்கள் எழவே, ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. செப்டம்பரில் இந்திய நெறிமுறையிலிருந்தும் மருந்து நீக்கப்பட்டது.

காக்ரேன் அமைப்பின் ஐவர்மெக்டின் மீளாய்வு 2021 ஜூலையில் 14 ஆய்வுகளுடன் வெளியானது. 2022 ஜூனில் புதுப்பிக்கப்பட்டபோது ஆய்வுகளின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் கடுமையான விதிகள் பின்பற்றப்பட்டன. முந்தைய 14-இல் 7 ஆய்வுகள் நீக்கப்பட்டன. புதியவை சேர்ந்து எண்ணிக்கை 11 ஆயிற்று. ஆய்வுகள் குறைந்தபோதும் பங்கேற்றோர் 1,678-லிருந்து 3,409-ஆக உயர்ந்தனர். சிறிய, ஐயத்துக்குரிய ஆய்வுகளின் இடத்தைப் பெரிய, முறையான ஆய்வுகள் பிடித்ததே இதற்குக் காரணம்.

உயிர்ப்புள்ள மீளாய்வு எவ்வாறு இயங்குகிறது?

ஆஸ்திரேலிய மருத்துவர் ஜூலியன் எலியட்டும் அவரது சக ஆய்வாளர்களும் 2014-ஆம் ஆண்டு 'உயிர்ப்புள்ள முறைசார் மீளாய்வு' என்ற கருத்தை முன்வைத்தனர். இதில் தேடல் ஒரு நாளோடு முடிவதில்லை. மாதந்தோறும் அல்லது அதைவிடக் குறுகிய இடைவெளியில் தரவுத்தளங்கள் தேடப்படுகின்றன. புதிய ஆய்வு கிடைத்தால், அது விடையை மாற்றக்கூடியதாக இருப்பின் மீளாய்வு உடனடியாகத் திருத்தப்படுகிறது. புதிதாக எதுவும் கிடைக்காவிட்டாலும், கடைசியாகத் தேடிய நாள் அறிவிக்கப்படுகிறது.

குவியும் கட்டுரைகளிலிருந்து குலுக்கல் முறை ஆய்வுகளை மட்டும் பிரித்தெடுக்கக் கணினி நிரல்கள் பயன்படுத்தப்படுகின்றன. 2016-இல் தொடங்கப்பட்ட 'காக்ரேன் க்ரவுட்' என்ற தளத்தில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் இப்பணியில் உதவுகின்றனர். ஆனால் ஓர் ஆய்வின் தரத்தை எடைபோடுவதற்கு இன்றும் பயிற்சி பெற்ற மனிதர்களே தேவைப்படுகின்றனர்.

எல்லா மீளாய்வுகளுக்கும் இம்முறை தேவையில்லை. காக்ரேன் முன்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அனைத்தையும் புதுப்பிப்பதை இலக்காகக் கொண்டிருந்தது. அது நடைமுறைக்கு ஒவ்வாததால், முன்னுரிமை அடிப்படையிலான முறைக்கு மாறியது. 2016-ஆம் ஆண்டு வல்லுநர் குழு ஒன்று இதற்கு எளிய வரையறை ஒன்றை வகுத்தது. அந்தக் கேள்வி இன்றும் முக்கியமானதா, புதிய ஆய்வுகளோ புதிய முறைகளோ வந்துள்ளனவா, அவற்றைச் சேர்த்தால் விடையோ அதன் உறுதியோ மாறுமா என்பவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிளாஸ்மா போன்று விடை உறுதியாகிவிட்ட பிறகு மாதந்தோறும் தேடுவது வீண் உழைப்பாகிவிடும். பிளாஸ்மா மீளாய்வு 2023-இல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 33 குலுக்கல் முறை ஆய்வுகளைத் தழுவியபோதும் மிதமான, தீவிர பாதிப்புக்கான விடை மாறவில்லை.

இந்தியாவின் பங்கும் நிதிச் சிக்கலும்

இத்துறையில் இந்தியாவின் அடித்தளம் புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் பிரதாப் தரியன் தலைமையில் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் இயங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நிதியுதவியால், காக்ரேன் நூலகத்தை நாட்டில் எவரும் கட்டணமின்றிப் படிக்கும் வசதி 2007-இல் ஏற்படுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு தொடங்கப்பட்டு, 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளை அதில் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. எங்கெங்கு எந்த ஆய்வு நடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் மீளாய்வைப் புதுப்பிப்போர் அதன் முடிவுக்காகக் காத்திருந்து சேர்த்துக்கொள்ள முடியும்.

எனினும் புதுப்பித்தல் என்பது புகழ் சேர்க்காத பணி. புதிய மருந்தைக் கண்டறிவோருக்கும் புதிய ஆய்வை நடத்துவோருக்கும் கிடைக்கும் நிதியும் அங்கீகாரமும், ஏற்கெனவே எழுதப்பட்ட மீளாய்வைத் திருத்துவோருக்குக் கிடைப்பதில்லை. பிரிட்டனில் காக்ரேன் மீளாய்வுக் குழுக்களுக்கு அந்நாட்டு அரசு அமைப்பு வழங்கிவந்த நிதி 2023 மார்ச்சுடன் நிறுத்தப்பட்டது.

மொழியிலும் இதே சிக்கல் எழக்கூடும். காக்ரேன் மீளாய்வுகளின் எளிய சுருக்கங்கள் பல தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. ஆங்கில மூலம் திருத்தப்படும்போது மொழிபெயர்ப்பும் உடன் திருத்தப்படாவிட்டால், தமிழில் படிப்பவர் பழைய விடையையே புதியது என்று எண்ணிக்கொள்வார். மருத்துவச் செய்திகளை மொழிபெயர்த்து வெளியிடும் ஊடகங்களுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. 2020-இல் பிளாஸ்மாவை உயிர் காக்கும் சிகிச்சையாக வர்ணித்த செய்திகள் இணையத்தில் இன்றும் தேடக் கிடைக்கின்றன.

பொதுமக்கள் கவனிக்க வேண்டியவை

'ஆய்வுகள் நிரூபித்துள்ளன' என்ற தொடருடன் ஒரு சிகிச்சை குறித்த தகவல் கைப்பேசிக்கு வரும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இது ஒரே ஓர் ஆய்வா, பல ஆய்வுகளின் தொகுப்பா? தொகுப்பு எனில், கடைசியாக எந்த நாள் வரை வெளியான ஆய்வுகள் அதில் தேடப்பட்டன? அது இதழில் வெளியான நாளைவிடத் தேடல் நாளே முக்கியம். அதற்குப் பிறகு புதிய பதிப்பு வந்துள்ளதா? விடையின் நம்பகத்தன்மை 'உயர்' என்று குறிக்கப்பட்டுள்ளதா, 'மிகக் குறைவு' என்றா? இவற்றுக்கு விடை தெரியாத நிலையில், சிகிச்சையைத் தானாகத் தொடங்குவதோ நிறுத்துவதோ கூடாது. மருத்துவரிடம் இக்கேள்விகளைக் கேட்பதே முறை.

2021 மே மாதத்தில் பிளாஸ்மா தேடி அலைந்தோர் எவரும் தவறிழைத்தவர்கள் அல்லர். தங்களுக்குக் கிடைத்த தகவலின் அடிப்படையில் தங்கள் உறவினரைக் காக்க முயன்றனர். அவர்களுக்குக் கிடைத்த தகவல்தான் பல மாதங்கள் பழையதாக இருந்தது. அடுத்த பெருந்தொற்றின்போதும் புதிய சிகிச்சைகளும் முரண்பட்ட ஆய்வுகளும் வரவே செய்யும். அவற்றை நாள்தோறும் சலித்து, விடை மாறியவுடன் அதை மருத்துவமனைப் படுக்கை வரை கொண்டு சேர்க்கும் அமைப்பு அப்போது தயாராக இருக்க வேண்டுமானால், அதற்கான ஆள்பலமும் நிதியும் பெருந்தொற்று இல்லாத இக்காலத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும்.